வடசென்னையின் எண்ணெய்க் கதைக்கு முதல் பணம் ஊர்ப் பணமாக இருக்கட்டும்

வடசென்னையில் பெட்ரோலிய எண்ணெய்க்கென்று ஓர் அருங்காட்சியகம் அமைய வேண்டும் என்ற பேச்சு எங்கள் நண்பர்கள் வட்டத்தில் சில காலமாக நடந்து வருகிறது. பேச்சு பணத்தைத் தொட்டதும் பெரும்பாலானோர் ஒரே இடத்துக்கு வந்து சேர்கிறார்கள். இத்தனை எண்ணெய் நிறுவனங்கள் இங்கேயே இருக்கும்போது அவற்றில் ஒன்றைக் கேட்டால் போதாதா என்கிறார்கள். அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனாலும் அந்த வழியில் தொடங்குவதை நான் எதிர்க்கிறேன். ஓர் அருங்காட்சியகத்தின் முதல் செங்கலுக்குப் பணம் கொடுத்தவரின் பார்வையே அதன் சுவர்களில் நெடுநாள் நிலைக்கும். ஆகவே அந்த முதல் பணம் எண்ணெயோடு வாழ்ந்த தெருக்களிலிருந்துதான் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எண்ணெய் கிடைத்த ஊரா இது, இங்கே காட்ட என்ன இருக்கிறது என்று கேட்பவர்களும் உண்டு. கிணறு தோண்டிய ஊர் இல்லைதான். ஆனால் எண்ணெய் வந்து இறங்கி, தொட்டிகளில் தேங்கி, காய்ச்சிப் பிரிக்கப்பட்டு, தமிழ்நாட்டின் அடுப்புகளுக்கும் வண்டிகளுக்கும் புறப்பட்டுப் போன ஊர் இது. 1914 செப்டம்பர் 22 இரவில் ஜெர்மனியின் எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசியபோது பற்றி எரிந்தவை பர்மா ஆயில் நிறுவனத்தின் எண்ணெய்த் தொட்டிகள். குண்டு விழுந்ததைச் சொல்லும் கல்வெட்டு உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரில் இன்றும் இருக்கிறது. தொட்டிகளில் இருந்த எண்ணெய் எங்கிருந்து வந்தது, யார் வீட்டு விளக்குக்குப் போக இருந்தது என்பதைச் சொல்லும் இடம்தான் இந்நகரில் இல்லை. பர்மாவின் ஏனாங்யாங் வயல்களில் எடுத்து, ரங்கூனுக்கு அருகே சிரியம் ஆலையில் சுத்திகரித்த மண்ணெண்ணெய் அந்நாளில் வங்கக் கடலைத் தாண்டி நம் சிம்னி விளக்குகளுக்கு வந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு மணலி. இந்திய அரசும், அமெரிக்காவின் அமோகோவும், ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனமும் சேர்ந்து 1965இல் உருவாக்கிய மெட்ராஸ் ரிஃபைனரீஸ், 1969இல் ஆண்டுக்கு 25 லட்சம் டன் திறனுடன் உற்பத்தியைத் தொடங்கியது. வயலும் தோப்புமாக இருந்த சிற்றூர்கள் ஒரு தலைமுறைக்குள் ஷிஃப்ட் சங்குக்கு எழுந்து உறங்கும் ஊர்களாயின.

இவை ஆண்டும் எண்ணும் உள்ள வரலாறு. எப்படியும் எங்கோ ஓர் ஆவணத்தில் தங்கிவிடும். தங்காமல் போய்க்கொண்டிருப்பது வீட்டுக்குள் இருந்த வரலாறு. தெருவில் மணியடித்துக்கொண்டு வந்த மண்ணெண்ணெய் வண்டி, அதன் குழாயடியில் வைத்த தகர அளவை, வாய் ஒடுங்கிய புனல், சணல் கயிறு கட்டிய கண்ணாடிப் புட்டி, பம்ப் ஸ்டவ், அடைப்பெடுக்கும் ஸ்டவ் பின், வாங்கிய லிட்டரைக் குறித்த ரேஷன் அட்டை ஆகியவற்றில் எத்தனை இன்று வடசென்னை வீடுகளின் பரணில் மிஞ்சியிருக்கும்? எரிவாயு உருளை வந்ததும் பழைய இரும்புக்காரரிடம் போனவையே அதிகம். இவற்றை வாங்க எந்த நிதியும் தேவையில்லை, கேட்டால் தருவார்கள். தரும்போது சொல்லும் கதையையும் கேட்டுக்கொள்ள வேண்டும். மண்ணெண்ணெய் வரிசையில் விடியற்காலையிலேயே தகர டின்னைப் போட்டு இடம்பிடித்த பெண்கள் அந்த வரிசையிலேயே தோழிகளானதும், சண்டையிட்டதும், ஒருவர் வீட்டுக் குழந்தையை மற்றவர் பார்த்துக்கொண்டதும் அந்தக் கதையில் இருக்கும். "ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி" என்று நாளிதழ்கள் ஒற்றைப் பத்தியில் முடித்துவிட்ட மரணங்களும் இருக்கும். அவற்றில் எத்தனை விபத்து, எத்தனை விபத்தில்லை என்பது அந்தந்தத் தெருவுக்குத் தெரியும். எண்ணெயின் வரலாற்றைச் சொல்ல வந்த இடம் அந்தப் பெண்களுக்கு ஒரு சுவரையாவது ஒதுக்காவிட்டால் அது விளம்பரக் கூடமாகத்தான் இருக்கும்.

இன்னொரு சுவரில் வாளிகள் இருக்க வேண்டும். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி, கனத்த எண்ணெய் கடற்கரைப் பாறைகளில் படிந்தபோது, அதை அள்ளியவர்கள் கடலோரக் காவல் படையினர் மட்டுமல்லர். மீனவர்களும் மாணவர்களும் பெயர் தெரியாத எத்தனையோ இளைஞர்களும் கசடில் வரிசையாக நின்று பிளாஸ்டிக் வாளிகளில் கைமாற்றிக் கைமாற்றி அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்துக்குள் புகுந்து, அலையாத்தி மரங்களையும் படகுகளையும் வலைகளையும் கறுப்பாக்கியபோதும் முதலில் தண்ணீரில் இறங்கியவர்கள் அந்த மீனவர்களே. தண்டையார்பேட்டையில் நிலத்தடிக் குழாய் கசிந்து கிணற்று நீரில் டீசல் மிதந்ததும் இந்த நகரின் எண்ணெய் வரலாறுதான். இதே எண்ணெய்தான் எத்தனையோ குடும்பங்களுக்கு மாதச் சம்பளத்தையும் பிள்ளைகளின் பட்டப்படிப்பையும் கொடுத்தது. இரண்டையும் ஒரே கூரையின் கீழ், ஒன்றை மற்றொன்றால் மறைக்காமல் வைக்கும் துணிவு நமக்கு வேண்டும். அந்தத் துணிவைப் பணம் கொடுப்பவர் கெடுத்துவிடக் கூடாது என்பதே என் கவலை.

மற்ற ஊர்களைப் பார்ப்போம். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் டைட்டஸ்வில் என்ற சிற்றூரில் 1859 ஆகஸ்ட் 27 அன்று எட்வின் டிரேக் அறுபத்தொன்பதரை அடி ஆழத்தில் எண்ணெய் கண்டார். அந்தக் கிணறு உலகத் தொழிலையே மாற்றியது. அவருக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. நோயிலும் வறுமையிலும் அவர் கிடந்தபோது டைட்டஸ்வில் ஊர்க்காரர்கள் அவருக்காகப் பணம் திரட்டினார்கள். அதன் பின்னரே, 1873இல், பென்சில்வேனியா அரசு ஆண்டுக்கு 1500 டாலர் உதவித்தொகை வழங்கியது. எண்ணெய் வரலாற்றுக்காக ஊர் கையேந்திய முதல் நிகழ்வுகளில் இது ஒன்றாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. இன்று அந்தக் கிணற்றடியில் இருக்கும் அருங்காட்சியகம் மாநில அரசுக்குச் சொந்தம். ஆனாலும் அதைத் தாங்கி நிற்க 'நண்பர்கள்' என்ற பெயரில் தனிச் சங்கம் இருக்கிறது. கலிஃபோர்னியாவின் டாஃப்ட் நகரம் இன்னும் சிறியது. 1910இல் அருகிலிருந்த லேக்வியூ கிணறு கட்டுக்கடங்காமல் பீறிட்டு, பதினெட்டு மாதங்களில் ஏறத்தாழ 90 லட்சம் பீப்பாய் எண்ணெயைக் கொட்டியது. அந்த வட்டாரத்தின் கதையைச் சொல்லும் அருங்காட்சியகம் தன்னார்வலர்களையும் நன்கொடையையும் நம்பி நடக்கிறது. இத்தகைய ஊர்களில் ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவர் தாம் ஓட்டிய இயந்திரத்தின் பக்கத்தில் நின்றுகொண்டு பள்ளிக் குழந்தைகளுக்கு விளக்கம் சொல்வது சாதாரணக் காட்சி. ஆண்டுக்கு ஒருமுறை ஊர் விருந்து வைப்பதும், பெயர் பொறித்த செங்கல் விற்பதும், உறுப்பினர் சந்தா வாங்குவதும் அங்கெல்லாம் பழகிப்போன வழிகள்.

நம் நாட்டில் அசாமின் திக்பாய் இருக்கிறது. 1889இல் எண்ணெய் கண்டு, 1901 முதல் சுத்திகரிப்பு ஆலை நடக்கும் ஊர் அது. அங்குள்ள நூற்றாண்டு அருங்காட்சியகத்தை இந்தியன் ஆயில் நிறுவனம் நடத்துகிறது. பழைய இயந்திரங்களையும் முதல் கிணற்றையும் பாதுகாத்ததற்காக அந்நிறுவனத்தைப் பாராட்டியே ஆக வேண்டும். அதே திக்பாயில் 1939இல் தொழிலாளர் வேலைநிறுத்தமும், துப்பாக்கிச் சூடும், உயிரிழப்பும் நடந்தன. இத்தகைய நிகழ்வுகளுக்கு முன்வாசலில் இடம் கொடுப்பது எந்த நிறுவனத்துக்கும் எளிதாக இருக்காது என்பதே நான் சொல்ல வருவது. அவர்களுடைய இடத்தில் நாம் இருந்தாலும் தயங்கியிருப்போம்.

சரி, ஊர்ப் பணம் எங்கிருந்து வரும்? நமக்கு இது புதிதா என்ன? ஆடி மாதம் பிறந்ததும் ரசீதுப் புத்தகத்தோடு வாசலில் வந்து நிற்கும் பிள்ளைகள் பத்தும் இருபதுமாகச் சேர்த்துத்தான் தெருவுக்கே கூழ் வார்க்கிறார்கள். வரவு செலவை அம்மன் கோயில் பலகையில் எழுதி வைக்கிறார்கள்; ஒரு ரூபாய் குறைந்தாலும் கேள்வி கேட்க ஆள் இருக்கிறது. வடசென்னையின் படிப்பகங்களும் கேரம் மன்றங்களும் கால்பந்து அணிகளும் இந்தச் சிறுபணத்தில் எழுந்தவைதான். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கைக்குத் தேவைப்பட்ட 60 லட்சம் டாலரில் தமிழ்நாடு அரசு கொடுத்த 10 கோடி ரூபாய் போக, பெரும்பகுதி உலகெங்கும் உள்ள தமிழர்கள் அனுப்பியது. கடல் கடந்த பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த கை, காசிமேட்டுக்கும் திருவொற்றியூருக்கும் கொடுக்காதா?

மேல்நாட்டுச் சிற்றூர்கள் வைக்கும் பரிசுக் குலுக்கலை மட்டும் நாம் எடுத்துக்கொள்ள வேண்டாம். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை இருக்கிறது. தடை இல்லாவிட்டாலும், லாட்டரிச் சீட்டால் நொடித்த குடும்பங்களைக் கண்ட தெருக்களில் அதை நான் ஆதரிக்க மாட்டேன். மாதம் ஐம்பது ரூபாய் சந்தா, ஆகஸ்டில் சென்னை தினத்தையொட்டி ஓர் எண்ணெய் நடை, பழைய புகைப்படங்களின் கண்காட்சி, மொய் எழுதும் நோட்டோடு ஒரு மீன்குழம்புச் சாப்பாடு என்று தொடங்கலாம். மொய் நோட்டில் எழுதிய தொகை பலர் முன்னிலையில் எழுதப்பட்டது. அதைவிட நம்பகமான கணக்கு எனக்குத் தெரியாது. சங்கப் பதிவுச் சட்டப்படி பதிவு செய்து, நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை கிடைக்கும் வருமான வரி அங்கீகாரமும் பெற்றுவிட்டால் சற்று வசதியுள்ளவர்களும் தயங்காமல் தருவார்கள்.

நிறுவனங்களின் பணமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் இலாபம் ஈட்டும் நிறுவனங்கள் சராசரி நிகர இலாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். பாரம்பரியப் பாதுகாப்பும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. கூரை போடவும், தீயணைப்புக் கருவி வாங்கவும், சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம் கட்டவும் அந்தப் பணத்தை நன்றியோடு வாங்கலாம். ஆனால் எதை வைப்பது, என்ன எழுதுவது என்பதில் கொடுப்பவருக்கு உரிமை இல்லை என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும். பணம் எங்கிருந்து வந்தாலும் உள்ளடக்கத்தின் மீதான கட்டுப்பாடு அருங்காட்சியகத்திடமே இருக்க வேண்டும் என்பது பன்னாட்டு அருங்காட்சியக மன்றத்தின் நெறிமுறையும்கூட. அந்த நிபந்தனையைத் தலைநிமிர்ந்து முன்வைக்க வேண்டுமானால், அதற்கு முன்பே நம் பெட்டியில் நூற்றுக்கணக்கானவர்களின் ஐம்பது ரூபாய்கள் இருந்தாக வேண்டும்.

கட்டடத்தைப் பற்றி இப்போது நான் கவலைப்படவில்லை. ஒரு படிப்பகத்தின் மாடி அறை போதும். மாலையில் பிள்ளைகள் அங்கே வீட்டுப்பாடம் எழுதட்டும், ஓரமாகக் கேரம் பலகையும் இருக்கட்டும். என் கவலை ஆட்களைப் பற்றியது. 1969இல் இருபது வயதுக்காரராக மணலி ஆலைக்குள் போனவர் இன்று எண்பதை நெருங்குகிறார். கொதிகலன் அருகே வேலை செய்தவர்கள், குழாய் பற்றவைத்தவர்கள், டேங்கர் லாரி ஓட்டியவர்கள், ஒப்பந்தத் தொழிலாளர்கள், கேன்டீனில் சமைத்த பெண்கள் ஆகியோரின் குரலை இந்த ஆண்டே பதிவு செய்யத் தொடங்கியாக வேண்டும். முதல் வசூலை இதற்குச் செலவிடலாம் என்பது என் முன்மொழிவு. பதிவுக் கருவியை நான் வாங்கித் தருகிறேன். எழுத்தில் பெயர்த்துத் தட்டச்சு செய்யும் வேலையிலும் பங்கெடுத்துக்கொள்கிறேன். உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒருவர் இருந்தால், அவருடைய சம்மதத்தைக் கேட்டுவிட்டு எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டுக்கே வந்து பதிவு செய்துகொள்கிறோம்.