பார்ட் டூ எடுக்கும் முன் சேவ் ஃபைலைப் பேசுங்கள்

ஒரு ரோல் பிளேயிங் கேம் ஹிட்டடித்துவிட்டால், அடுத்த பாகத்தைப் பற்றிய பேச்சு புது எஞ்சின் (கேமை இயக்கும் அடிப்படை மென்பொருள்), பெரிய மேப் என்றே தொடங்குகிறது. அதற்கெல்லாம் முன்னால் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. ஆட்டத்தைப் பதிந்து வைக்கும் சேவ் ஃபைலிலிருந்து, போன பாகத்தில் ஆடியவர் எடுத்த முடிவுகளில் எதையெல்லாம் இந்தப் பாகம் ஞாபகம் வைத்திருக்கப் போகிறது? இதைத் தள்ளிப்போட்டால் கதை, வசனம், டெஸ்டிங் மூன்றும் சேர்ந்து அடிவாங்கும்.

ஆம், இல்லை என்று 10 முடிவுகளைக் கொண்டுவந்தாலே 1,024 விதமான உலகங்கள். 20 என்றால் பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். அதனால் கதையின் போக்கையே திருப்பும் முடிவுகள் மூன்று நான்கு போதும். இன்னும் சில ஒரு காட்சியை மட்டும் மாற்றட்டும். மீதியெல்லாம் யாரோ ஒருவர் போகிறபோக்கில் சொல்லும் ஒரு வரியில் முடியட்டும். அந்த ஒரு வரிக்குச் செலவு குறைவு, ஆடுபவருக்குக் கிடைக்கும் சந்தோஷமோ ரொம்பப் பெரிது.

செத்துப்போன கேரக்டரை என்ன செய்வது? மாஸ் எஃபெக்ட் 3 (2012) மாற்று ஆளை வைத்தது. முதல் பாகத்தில் ஹீரோவின் கூட்டாளி ரெக்ஸ் செத்திருந்தால் அந்த இடத்தில் ரீவ் வருவான். காட்சி அதேதான், ஆனால் ரீவ் மோசமான தலைவன் என்பதால் அவன் இனத்துக்கு மருந்து கொடுக்கலாமா என்ற கேள்வியின் கனமே மாறிவிடுகிறது. அருமையான வேலை. ராக்னி என்ற பூச்சி இனத்தின் ராணி விஷயத்தில் அதே கேம் சறுக்கியது. முதல் பாகத்தில் நீங்கள் அவளைக் கொன்றிருந்தாலும் செயற்கையாக உருவாக்கிய இன்னொரு ராணி வந்து நிற்பாள். அவள் பின்னால் துரோகம் செய்வாள் என்பது உண்மைதான், ஆனால் அதற்குள் ஆடியவருக்கு ‘அப்போ நான் எடுத்த முடிவுக்கு என்ன மதிப்பு?’ என்று தோன்றிவிடுகிறது.

இனி கோடு எழுதுபவர்களுக்கு. ஒவ்வொரு முடிவுக்கும் மாறாத ஒரு ஐடி வேண்டும். தூக்கி எறிந்த குவெஸ்ட்டின் (ஆடுபவருக்குத் தரும் பணி) ஐடியை இன்னொன்றுக்குக் கொடுக்காதீர்கள். சேவ் ஃபைலின் முதல் வரியிலேயே வெர்ஷன் எண் இருக்கட்டும். ஆம், இல்லை என்ற இரண்டு மதிப்பு மட்டும் போதாது, ‘அந்தப் பக்கமே போகவில்லை’ என்று மூன்றாவதும் வேண்டும். இல்லையென்றால், ஒருவரைச் சந்திக்கவே சந்திக்காதவர் அவருக்கு உதவ மறுத்தவராகப் பதிவாகிவிடுவார். இப்படி முடிவைக் குறித்து வைக்கும் ஃபிளாக் தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு மாஸ் எஃபெக்ட் 2-இல் (2010) வரும் ஹீரோவின் தீவிர ரசிகன் கான்ராட் வெர்னரே சாட்சி. முதல் பாகத்தில் அவனிடம் எவ்வளவு தன்மையாகப் பேசியிருந்தாலும், ‘என் முகத்தில் துப்பாக்கியை நீட்டினாயே’ என்பான். மூன்றாம் பாகத்தில் அதற்கென்றே ஒரு வசனம் எழுதி அந்தப் பிழையைச் சமாளித்தார்கள்.

முதல் பாகமே ஆடாதவர்களும் வருவார்கள். விட்சர் 3 (2015) இதைக் கையாண்ட விதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. மெனுவில் கேட்டுக்கொண்டால், ஹீரோ கெரால்ட் சவரம் செய்துகொள்ளும் காட்சியில் வூர்ஹிஸ் என்ற பாத்திரம் எதிரே உட்கார்ந்து பழைய சம்பவங்களை விசாரிப்பார். நீங்கள் சொல்லும் பதிலே சேவ் ஆகிவிடுகிறது. தனியாக ஒரு கேள்விப் பட்டியலைத் திரையில் ஓடவிட வேண்டியதில்லை.

போன பாகத்திலேயே பலசாலியாகிவிட்ட ஹீரோவை எந்த லெவலில் தொடங்கவிடுவது? இந்தப் பிரச்சினைக்கு இரண்டு வழிகள் உண்டு. பால்டர்ஸ் கேட் 2 (2000) புது கேரக்டருக்கும் 89,000 அனுபவப் புள்ளிகளைக் கொடுத்துத் தொடங்கியது. அது முதல் பாகத்தின் உச்சவரம்பு. ஆனால் ஆயுதங்களைப் பிடுங்கிக்கொண்டு சிறையில் தள்ளியது. மாஸ் எஃபெக்ட் 2 ஹீரோவையே கொன்று மறுபடி எழுப்பியது. எதைச் செய்தாலும் பழைய பணத்தையும் ஆயுதத்தையும் முழுசாக உள்ளே விட்டால், முதல் கடையிலேயே வாங்க எதுவும் மிஞ்சாது.

பழைய எஞ்சினை வைத்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஃபால்அவுட் 3-இன் எஞ்சினில் சுமார் 18 மாதங்களில் உருவானதுதான் நியூ வேகாஸ் (2010). ஆனால் மிச்சமாகும் காலத்தை எழுத்துக்குக் கொடுக்க வேண்டும். அவசர அவசரமாக வந்த டிராகன் ஏஜ் 2-இல் (2011) ஒரே குகை திரும்பத் திரும்ப வந்து கேலிக்கு ஆளானது.

முதல் பாகத்தின் டெஸ்டிங் டீமிடம் இருக்கும் சேவ் ஃபைல்களை அழிக்க விடாதீர்கள். புது பில்ட் (கேமின் சோதனைப் பதிப்பு) வரும்போதெல்லாம் அத்தனையையும் இறக்கிப் பாருங்கள். எல்லோரும் உயிரோடு இருப்பது, முடிந்தவரை எல்லோரையும் சாகவிட்டது, பாதி பேட்ச் (பிழைத்திருத்தம்) மட்டும் போட்டது, எல்லாமே அதில் இருக்க வேண்டும். மாஸ் எஃபெக்ட் 2-இல் ஹீரோவே செத்துப்போகும் முடிவு ஒன்று உண்டு. அந்த சேவ் ஃபைலை மூன்றாம் பாகம் ஏற்காது. உங்கள் கேமிலும் அப்படி ஏதாவது இருந்தால், காரணத்தை பழைய சேவ் ஃபைலைக் கொண்டுவரும் இம்போர்ட் மெனுவிலேயே எழுதிவிடுங்கள்.