கேட்டு முடிக்காமல் பாட்டை அணைக்காதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடிக் கூட்டத்தில் நான் வெளிநாட்டுப் பாட்டுகளைப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன், ஒரு அண்ணன் பாதியிலேயே ஸ்பீக்கரை அணைத்துவிட்டார். இது உங்களில் பாதிப் பேருக்கு ஏற்கெனவே தெரியும். வாட்ஸ்அப் குரூப்பில் அதை வைத்து நடந்த கூத்தும் தெரியும். பேசாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். நேற்று ராத்திரி ஒரு தம்பி அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்த பிறகு முடியவில்லை.

ஸ்பீக்கர் பிளக்கைப் பிடுங்கினாரே, அந்த அண்ணன் மேல் எனக்கு மரியாதை உண்டு. நிறையப் படித்தவர். அவர் மேடையில் பேசும்போதெல்லாம் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன், அவர் முடிக்கிற வரைக்கும். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுந்துபோய் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, "இதுக்கு எங்க வீட்டு மிக்ஸியவே போட்டுக் கேக்கலாம்ப்பா" என்றால் எனக்கு எப்படி இருக்கும்? சிரித்தவர்களைக் குறை சொல்லவில்லை. பெரிய மனுஷர் நக்கலடித்தால் கூட்டம் சிரிக்கத்தான் செய்யும். ஆனால் இதைக் கேட்பதற்கென்றே மேலூரிலிருந்து பஸ் ஏறி வந்த பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். அவர்களுக்கும் சேர்த்து அணைத்துவிட்டார்.

பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள், தாராளமாகச் சொல்லுங்கள். கேட்டு முடித்துவிட்டுச் சொல்லுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

அப்போது ஓடிக்கொண்டிருந்தது கொனோனோ நம்பர் ஒன். காங்கோவின் கின்ஷாசா நகரத்துக் குழு. லிக்கெம்பே என்று ஒரு கருவி, சின்னப் பெட்டியின் மேல் வரிசையாக உலோகப் பட்டைகள், கட்டைவிரலால் அழுத்தி விட்டு வாசிப்பது. அதன் சத்தம் ஒரு அறையைத் தாண்டாது. கின்ஷாசாத் தெரு இரைச்சலில் அது எப்படிக் கேட்கும்? பழைய கார் பாகங்களிலிருந்து காந்தத்தை எடுத்து, தாங்களே மைக் செய்து, ஆம்ப்ளிஃபயரோடு இணைத்தார்கள். அதில் வந்த கரகரப்பை அவர்கள் ஒதுக்கவில்லை, அதையும் சேர்த்தே வாசித்தார்கள். 2004இல் ஆல்பம் வெளிவந்த பிறகு உலகம் திரும்பிப் பார்த்தது. அந்தக் கரகரப்புத்தான் அண்ணனுக்கு மிக்ஸி.

இந்த இடத்தில் என் சித்தப்பாவைச் சொல்லாமல் போக முடியாது. சோழவந்தான் பக்கம் எங்கள் ஊரில் ரேடியோ செட் வைத்திருந்தார். காதுகுத்து, சடங்கு, முளைப்பாரி, எதுவானாலும் புளியமரத்தில் அவருடைய கூம்புக் குழாய் ஏறும். ஆம்ப்ளிஃபயர் கெட்டுப்போனால் மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போகக் காசிருக்காது. திண்ணையிலேயே பிரித்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். ஈயம் புகையும். எல்லாம் ஒட்டி முடித்ததும் ஒயர் முனையில் விரலை வைப்பார். குழாயிலிருந்து "ம்ம்ம்ம்" என்று ஒரு முனகல் வரும். "உசுரு இருக்குடா" என்று என்னைப் பார்த்துச் சொல்வார். பாட்டு வருவதற்கு முன்னால் நான் ஆசையாகக் காத்திருந்தது அந்த முனகலுக்குத்தான். மின்சாரத்தில் பிறக்கிற சத்தம் மேல் எனக்கு வந்த பிரியம் எந்த வெளிநாட்டானும் கொடுத்ததில்லை, அந்தத் திண்ணை கொடுத்தது.

ஜமைக்காவின் கிங்ஸ்டனில் கிங் டப்பி என்று ஒருவர் இருந்தார். ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் செய்தவர், தெருவில் சவுண்டு செட் நடத்தியவர். 1970களில், பதிவான பாட்டிலிருந்து குரலை எடுத்துவிட்டு, டிரம்மையும் பேஸையும் முன்னால் கொண்டுவந்து, எதிரொலியை ஏற்றி, சத்தங்களைக் கூட்டிக் குறைக்கிற மிக்சிங் போர்டையே ஒரு கருவியாக்கினார். டப் என்கிற இசை அங்கே இப்படித்தான் வளர்ந்தது. இன்று எலக்ட்ரானிக் இசை என்று சொல்கிற பலவற்றுக்கு அவர் பாட்டன். முதல் தடவை அவரைப் பற்றிப் படித்தபோது எனக்குச் சித்தப்பா முகம்தான் வந்தது. அதனால்தான் அந்த மிக்ஸி வார்த்தை எனக்கு இவ்வளவு வலிக்கிறது.

சரி, ஸ்கிரீன்ஷாட்டுக்கு வருகிறேன். "நம்ம மண்ணின் இசை இருக்கும்போது ஊரான் இசை எதற்கு?" அதற்குக் கீழே வரிசையாகக் கைதட்டல்.

நம்ம இசையை விட்டுவிடு என்று நான் யாரிடம் சொன்னேன்? எங்கள் தெருவில் தவில் வாசிக்கிறவர் ஒருவர் இருக்கிறார், நையாண்டி மேளத்துக்குப் போகிறவர். அவருக்கு இதே கொனோனோவைப் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் வலது கை விரல்கள் பெஞ்சில் தாளம் போட ஆரம்பித்தன. "ரெண்டாவது ஆளு பிந்தி வர்றான் பாருங்க. தெரியாம இல்ல, வேணும்னே வர்றான்" என்றார். முடிந்ததும் "திரும்பப் போடுங்க" என்றார். இன்னொரு நாள் எத்தியோப்பியப் பாட்டு ஒன்று போட்டேன். அந்த நாட்டில் டிசிட்டா என்று ஒரு சுர வரிசை உண்டு, அதில் ஒரு வகைக்கு நம்ம மோகன ராகத்தின் அதே ஐந்து சுரம். நான் வாயைத் திறப்பதற்குள் அவரோடு இருந்த நாயனக்காரர் "மோகனமால்ல இருக்கு" என்றார். மண்ணின் இசையை வாழ்க்கையாக வைத்திருக்கிறவர்கள் முழுசாகக் கேட்டார்கள். மண்ணின் இசை பற்றிப் பேசுகிறவர்கள் பிளக்கைப் பிடுங்குகிறார்கள்.

நீங்கள் கடைசியாக எப்போது ஒரு நையாண்டி மேளத்தை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை நின்று கேட்டீர்கள்? பறை வாசிக்கிற அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது எல்லோரும் படம் போட்டோம், சந்தோஷம். அதற்கு முன்னால் எத்தனை காலம் பறையைச் சாவு வீட்டு வாசலிலேயே நிறுத்திவைத்திருந்தது இந்த ஊர்? "இது என்ன இசையா, வெறும் சத்தம்" என்றுதானே அப்போதும் சொன்னார்கள்? அண்ணன் அப்படிச் சொன்னவர் இல்லை, எனக்குத் தெரியும். ஆனால் கேட்காமலே தீர்ப்பு எழுதுகிற அந்தப் பழக்கம் எங்கிருந்து வருகிறது என்று அவர் யோசிக்க வேண்டும்.

"மெலடியே இல்லையே" என்று குரூப்பில் சிலர் சொல்கிறார்கள். 1944இல் கெய்ரோவில் ஹலிம் எல்-தப் என்கிற இளைஞர் ஸார் என்ற பேயோட்டும் சடங்கில் பெண்கள் பாடியதைக் கம்பியில் பதியும் ரெக்கார்டரில் எடுத்துவந்து, எதிரொலி கூட்டி, வார்த்தைகள் கரைந்துபோகிற மாதிரி செய்தார். நாலு வருஷம் கழித்து 1948இல் பாரிஸில் பியர் ஷெஃபர் ரயில் சத்தங்களைப் பதிந்து, அவற்றை வைத்தே ஒரு படைப்பு செய்தார். மெலடியைத் தேடிப் போனால் அங்கே கிடைக்காது. வேறு ஒன்று கிடைக்கும், அதற்குக் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். பாண்டி கோயிலில் உடுக்கைச் சத்தத்துக்கு ஆள் ஆடுகிறதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புரியாது என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

"படித்தவன் பந்தா" என்று ஒருவர். டினாரிவென் என்கிற இசைக்குழுவை ஆரம்பித்த இப்ராஹிம் அக் அல்ஹபீப், சகாரா பாலைவனத்தில் தகரடப்பா, குச்சி, சைக்கிள் பிரேக் கம்பி வைத்துத் தன் முதல் கிட்டாரைச் செய்தவர். இதில் எங்கே இருக்கிறது பந்தா?

"இந்த ஜனங்களின் பாட்டை வெள்ளைக்காரக் கம்பெனி எடுத்துக் காசு பண்ணுகிறதே" என்று ஒரு தங்கச்சி எழுதியிருந்தார். இது ஒன்றுதான் நியாயமான கேள்வி. சாலமன் தீவுகளில் அஃபுனாக்வா என்ற பெண் பாடிய தாலாட்டை 1992இல் ஒரு பிரெஞ்சுக் குழு எடுத்து உலகமெல்லாம் விற்றது. அந்தப் பதிவைச் செய்த ஆய்வாளர் ஹ்யூகோ ஸெம்ப் என்பவரே அதை எதிர்த்து எழுதினார். ஆமாம், அநியாயம்தான். யாருடைய பாட்டு என்று பெயர் சொல்லிக் கேட்பது நம்மால் முடிந்த முதல் காரியம். ஞாயிற்றுக்கிழமை நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். பாதியில் கரண்ட் போய்விட்டது.

இன்னொன்று. எலக்ட்ரானிக் என்றால் ஊரான் சமாச்சாரம் என்று யார் சொன்னது? மும்பையில் சினிமாப் பாட்டுகளுக்கு வாசித்த சரண்ஜித் சிங், 1982இல் ரோலண்ட் கம்பெனியின் எலக்ட்ரானிக் இசை மெஷின்களை வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் போட்டார். இங்கே ஒருத்தரும் சீந்தவில்லை. அவற்றில் ஒன்றான டிபி-303 மெஷினை வைத்து சிகாகோக்காரர்கள் சில வருஷம் கழித்து ஒரு புது இசையையே உண்டாக்கினார்கள். 2010இல் வெளிநாட்டில் மறுபடி வெளியிட்ட பிறகுதான் நம்ம ஆளை நாமே தெரிந்துகொண்டோம். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இலேயே மின்சாரத்திலேயே சத்தத்தை உண்டாக்குகிற மூக் சிந்தசைசரோடு ஒரு ஸ்டுடியோ இருந்தது. அங்கே நம்மவர்கள் செய்த டேப்புகள் பல பத்து வருஷம் அலமாரியில் கிடந்து, 2023இல்தான் ஆல்பமாக வந்தன.

இதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. சித்தப்பாவிடமும் கேசட்டுகள் இருந்தன. முளைப்பாரிக் கும்மி, அழகர் வர்ணிப்பு, எங்கள் ஊர்க் கிழவிகள் பாடிய ஒப்பாரி, எல்லாம் அவரே மைக் வைத்துப் பதிந்தது. வீட்டை இடித்துக் கட்டும்போது மூட்டையாகப் பழைய சாமான் கடைக்குப் போய்விட்டது. யாரும் கெட்ட எண்ணத்தில் போடவில்லை. கேட்டுப் பார்க்கலாம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். அந்தக் குரல்கள் இனி எங்கே இருக்கின்றன?

உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஊர்க்காரர்கள் பாடிய கேசட் ஏதாவது இருந்தால் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். பூஞ்சை பிடித்திருந்தாலும் பரவாயில்லை, நீங்களே போட்டுப் பார்க்க வேண்டாம், நாடா அறுந்துவிடும். எனக்கு இன்பாக்ஸில் சொல்லுங்கள். என்னிடம் நல்ல கேசட் டெக் இருக்கிறது. வாடிப்பட்டி, உசிலம்பட்டி, மேலூர், எங்கே இருந்தாலும் நானே வந்து கம்ப்யூட்டரில் ஏற்றி, கேசட்டையும் பைலையும் உங்கள் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். பாடியவர் பெயர் தெரிந்தால் அதையும் கேசட் உறை மேல் எழுதி வையுங்கள்.