எட்டு நிமிசம்

(காஞ்சிபுரம் பக்கம் ஒரு வற்றிய ஏரி. ஞாயிறு காலை 6:30. கையில் ரிமோட்டோடு இருப்பவர் விமானி, வயது 42. கையில் கோலோடு இருப்பவர் ஆயா, வயது அவருக்கே தெரியாது.)

விமானி: ஆயா, ஆடுங்கள அந்தப் பக்கம் ஓட்டிட்டுப் போங்க. இது ரன்வே.

ஆயா: எது?

விமானி: நீங்க நிக்கறதுதான். ரிப்பன் கட்டியிருக்கோம் பாருங்க.

ஆயா: இருந்துச்சு. வெள்ளச்சி தின்னுட்டா. ஏம்பா, ஏர்போட்டு வரும் வரும்னாங்களே, வந்துடுச்சா? இம்மாஞ் சின்னதாவா?

விமானி: அது பரந்தூர் ஆயா. நாங்க பொம்மை விமானம் விடற க்ளப்பு. மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை கூடுவோம்.

ஆயா: ஏகனாபுரத்துல ஜனங்க 2022லேர்ந்து வேணாம் வேணாம்னு போராடிக்கினு கீது. ஏர்போட்டுக்காரங்க அந்த ஊரையே கேக்கறாங்க. நீ ஏரிய மட்டுந்தான் கேக்கற. நல்ல புள்ள.

விமானி: நாங்க எதையும் கேக்கல. ரெண்டு மணி நேரம் மட்டும்...

ஆயா: அவங்களும் மொதல்ல அளந்து பாக்கறோம்னு மட்டுந்தாம்பா சொன்னாங்க.

(க்ளப்பில் மொத்தம் எட்டுப் பேர். மீதி ஏழு பேரும் கார் நிழலில் நின்று, இட்லி வாலாஜாபாத்திலா காஞ்சிபுரத்திலா என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். போன மாதமும் இதே பேச்சுதான்.)

ஆயா: இதுல ஆளு எங்க குந்துவாங்க?

விமானி: ஆள் உக்கார முடியாது. பால்சாங்கற லேசான கட்டை. மொத்தமே ஒண்ணரை கிலோ.

ஆயா: எங்க தெரு கல்யாணத்துல ஒண்ணு தலைக்கு மேல கொய்ய்ய்னு நின்னுச்சே, அதானே?

விமானி: அது ட்ரோன்! அத இதோட சேக்காதீங்க. அது கைய எடுத்தாலும் தானா நிக்கும். இத நொடிக்கு நொடி நாமதான் பாத்து ஓட்டணும்.

ஆயா: அப்ப அதான் ஒசத்தி.

விமானி: இல்ல ஆயா...

ஆயா: எவ்ளோ நேரம் பறக்கும்?

விமானி: எட்டு நிமிஷம். பேட்டரி அவ்ளோதான் தாங்கும்.

ஆயா: எங்கேர்ந்து வர்ற?

விமானி: தாம்பரம். நாலரைக்குக் கிளம்பினேன். வெயில் ஏறினா காத்து எழும்பிடும்.

ஆயா: எட்டு நிமிசத்துக்கு.

விமானி: ஆமா.

ஆயா: புள்ளைக்கு வாங்குனதா?

விமானி: இல்ல... எனக்குத்தான். 24,000 ஆச்சு.

ஆயா: வூட்ல எவ்ளோன்னு சொல்லியிருக்க?

விமானி: ஆறு.

ஆயா: அப்ப வூட்டுக்காரி கணக்குக்கு ரெண்டு நிமிசந்தான் பறக்கணும்.

(விமானி பதில் சொல்லவில்லை. கொஞ்சம் புல்லைப் பிய்த்துத் தூவி, காற்று எந்தப் பக்கம் என்று பார்க்கிறார்.)

ஆயா: மேக்கேர்ந்து அடிக்குது. புல்ல ஏன் பிய்க்கற? அது ஆட்டுக்கு.

(விமானம் மேற்கே ஓடி, எழும்பி, ஒரு வட்டம் அடிக்கிறது. அழகாகத்தான் இருக்கிறது. ஆயாவும் வாயைப் பிளக்கிறார். இரண்டாவது வட்டத்தில் அது இவர்களைப் பார்த்து வருகிறது.)

விமானி: லெஃப்ட் குடுக்கறேன், ரைட்ல போவுதே! ஐயோ!

ஆயா: டேய், எதுக்க வர்ற ஆட்டுக்கு நம்ம சோத்துக்கைப் பக்கம் அதுக்குப் பீச்சாங்கை! மாத்தித் திருப்புடா!

(சடார்.)

ஆயா: வேலிகாத்தான் பொதர்ல.

விமானி: ஆயா, கிட்ட போகாதீங்க! பேட்டரில முள்ளு குத்தியிருந்தா தீப்பிடிக்கும்.

ஆயா: முள்ளு குத்துனா பத்திக்கற சாமான எடுத்துக்கினு முள்ளுக்காட்டுக்கா வந்த?

விமானி: ...

ஆயா: எத்தினி நிமிசம் பறந்துச்சு?

விமானி: ஒண்ணரை.

ஆயா: வூட்டுக்காரி கணக்குக்கே அரை நிமிசம் கொறையுதே. சரி, தள்ளி நில்லு. ஆடு போவணும்.