ஒரு நீதிபதியை ஓட்டுப் போட்டு இறக்கிய கதை

ஆரன் பெர்ஸ்கி என்ற பெயர் இங்கே அதிகம் பேருக்குத் தெரிந்திருக்காது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் சாண்டா கிளாரா கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) நீதிபதியாக இருந்தவர். 2018 ஜூனில் அந்தக் கவுண்டி மக்கள் ஓட்டுப் போட்டு அவரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். 1932-க்குப் பிறகு கலிஃபோர்னியாவில் ஒரு நீதிபதிக்கு இப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. ஒரு பாலியல் குற்ற வழக்கில் அவர் கொடுத்த குறைந்த தண்டனை தவறு. அதற்காக அவரை ஓட்டுப் போட்டு இறக்கியதும் தவறு. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வழக்கு பலருக்கு நினைவிருக்கலாம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நீச்சல் அணி மாணவன், 2015 ஜனவரியில் சுயநினைவில்லாமல் கிடந்த ஒரு பெண்ணிடம் பாலியல் வன்முறையில் ஈடுபட்டான். சைக்கிளில் வந்த இரண்டு ஸ்வீடன் மாணவர்கள் பார்த்துவிட்டு அவனைத் துரத்திப் பிடித்தார்கள். மூன்று குற்றச்சாட்டுகள் நிரூபணமாயின. அரசுத் தரப்பு ஆறு வருட சிறை கேட்டது. பெர்ஸ்கி கொடுத்தது ஆறு மாதம். அதிலும் மூன்றே மாதத்தில் அவன் வெளியே வந்துவிட்டான். சிறைக்கு அனுப்பினால் அவன் வாழ்க்கை கடுமையாகப் பாதிக்கப்படும் என்பது நீதிபதி சொன்ன காரணங்களில் ஒன்று. அந்தப் பெண் நீதிமன்றத்தில் வாசித்த அறிக்கையைப் படித்துவிட்டு இந்தக் காரணத்தையும் படித்தால் யாருக்கும் ரத்தம் கொதிக்கும். எனக்கும் கொதித்தது.

பெர்ஸ்கி நீதிபதியான விதத்தையும் பார்க்க வேண்டும். அதே கவுண்டியில் பாலியல் குற்ற வழக்குகளை நடத்திய அரசு வழக்கறிஞர் அவர். 2002-ல் நீதிபதி பதவிக்குத் தேர்தலில் நின்று தோற்றார். அடுத்த வருடமே ஆளுநர் கிரே டேவிஸ் அவரை நீதிபதியாக நியமித்தார். அந்த ஊர் வழக்கப்படி ஆறு வருடத்துக்கு ஒருமுறை தேர்தல் வரும். ஆனால் எதிர்த்து யாரும் நிற்காவிட்டால் ஓட்டுச்சீட்டில் பெயரே அச்சாகாது, பதவி தானாகத் தொடரும். 2016-ல் இந்தத் தண்டனை சொன்ன சில நாட்களில் அவருக்கு அப்படித்தான் இன்னொரு ஆறு வருடம் கிடைத்தது. மக்களுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

ஸ்டான்ஃபோர்டு சட்டப் பேராசிரியர் மிஷேல் டாபர் தலைமையில் பதவி நீக்கப் பிரசாரம் தொடங்கியது. நீதிபதிகளின் நடத்தையை விசாரிக்கும் மாநில ஆணையம் பெர்ஸ்கி பாரபட்சம் காட்டியதற்கு ஆதாரம் இல்லை என்றது. ஆறு வருடம் கேட்டது யாருடைய அலுவலகமோ, அந்த அரசு வழக்கறிஞர் ஜெஃப் ரோசனே பதவி நீக்கம் வேண்டாம் என்றார். ஓட்டு வேறு மாதிரி விழுந்தது.

அமெரிக்காவின் இன்னொரு மாநிலமான விஸ்கான்சினில் 1977-ல் நடந்தது வேறு. டேன் கவுண்டி நீதிபதி ஆர்ச்சி சைமன்சன், பாலியல் வன்முறை வழக்கில் பெண்களின் உடையையும் காலத்தின் போக்கையும் காரணமாகக் காட்டிப் பேசினார். அவரை மக்கள் இறக்கியதை என்னால் குறை சொல்ல முடியவில்லை. பெண்களைப் பற்றித் தன் மனதில் என்ன இருக்கிறது என்று அவரே சொல்லிவிட்டார். பெர்ஸ்கியை இறக்கியது சட்டம் அனுமதித்த எல்லைக்குள் கொடுத்த ஒரு தண்டனைக்காக.

தண்டனை குறைவு என்பதற்காக ஒரு நீதிபதியின் வேலை போனால் மற்ற நீதிபதிகள் என்ன பாடம் படிப்பார்கள்? அதிகமாகக் கொடுத்ததற்காக எந்த ஊரில் கூட்டம் சேர்கிறது, யார் பதவி நீக்க மனுவுக்குக் கையெழுத்து வாங்குகிறார்கள்? கூட்டிக் கொடுத்தால் பதவிக்கு ஆபத்தில்லை, குறைத்தால்தான் ஆபத்து. அப்புறம், அந்த நீதிமன்றங்களில் தினமும் நிற்பது ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் இல்லை. வக்கீலுக்குப் பணம் இல்லாதவர்கள், கறுப்பினத்தவர்கள், லத்தீன் அமெரிக்கக் குடும்பத்துப் பையன்கள். அவர்களுக்காக வாதாடும் அரசு இலவச வழக்கறிஞர்கள் பலர் இந்தப் பதவி நீக்கத்தை எதிர்த்தது இதனால்தான். அவர்கள் பயந்ததுதான் நடந்தது. பிரசாரம் அறிவிக்கப்பட்டதுமே கலிஃபோர்னிய நீதிபதிகள் கொடுக்கும் தண்டனைகள் கூடிவிட்டதாகப் பின்னால் வந்த ஓர் ஆய்வு காட்டியது. வசதியான வீட்டுப் பையனுக்குக் காட்டிய சலுகைக்கான விலையை, சலுகை என்றால் என்னவென்றே தெரியாதவர்கள் கட்டினார்கள். இதை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

சரி, தவறான தண்டனையை அப்படியே விட்டுவிடுவதா? வேண்டாம். இங்கிலாந்தில் கடுமையான குற்றங்களில் தண்டனை மிகக் குறைவு என்று தோன்றினால் பாதிக்கப்பட்டவர் மட்டுமில்லை, யார் வேண்டுமானாலும் 28 நாட்களுக்குள் அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரலிடம் முறையிடலாம். அவர் சரியென்று நினைத்தால் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவார், அங்கே தண்டனை கூடலாம். இந்தியாவிலும் தண்டனை போதாது என்று அரசு மேல்முறையீடு செய்ய வழி இருக்கிறது. கலிஃபோர்னியாவில் அப்படி ஒரு கதவு திறந்திருந்தால் அந்த ஆறு மாதத்தையே மாற்றியிருக்கலாம். பெர்ஸ்கியை இறக்கியதால் அந்த மாணவனின் தண்டனை ஒரு நாள்கூடக் கூடவில்லை.