அம்மாவுக்குப் பேச வந்தால் என்ன சொல்லுவாள்?

போன வருஷம் ஒரு ராத்திரி, பதினொன்றரை மணி. மறதி நோய் முற்றிய அம்மா இருக்கும், பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கத்து முதியோர் இல்லத்திலிருந்து போன். "மேடம், அம்மா நாலு நாளா சரியா முழுங்க மாட்டேங்கிறாங்க. மூக்குல டியூப் போட ஆஸ்பத்திரிக்கு அனுப்பட்டுமா? உடனே சொல்லுங்க."

டல்லாஸிலிருக்கும் அண்ணன், "போடச் சொல்லு, பட்டினி போட்டுட்டோம்னு ஆகக் கூடாது" என்றான். தங்கை அழுதாள். நான் சரி என்று சொல்லிவிட்டேன். மூன்றாம் நாள் பெரம்பூரிலிருந்து போய்ப் பார்த்தால், டியூபைப் பிடுங்காமலிருக்க அம்மாவின் இரண்டு கைகளையும் கட்டிலோடு துணியால் கட்டியிருந்தார்கள். வளையல் கிடந்த இடத்தில் சிவப்புத் தடம்.

அங்கே வந்த முதியோர் மருத்துவர்தான் உட்காரவைத்து விளக்கினார். மறதி நோய் முற்றினால் விழுங்குவதும் மறந்துபோகும். அந்த நிலையில் டியூப் போட்டால் ஆயுள் கூடும் என்றோ, நிமோனியா குறையும் என்றோ ஆய்வுகள் காட்டவில்லை. டியூபுக்குப் பதில் கையால் பொறுமையாக ஊட்டுங்கள் என்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2014லேயே சொல்லியிருக்கிறது. இருபது நிமிஷப் பேச்சுதான். முன்னாடியே யாராவது சொல்லியிருக்கலாம்.

அப்புறம் கேட்டார்: "உங்க மூணு பேருக்கும் என்ன வேணும்கிறது இருக்கட்டும். அம்மாவுக்குப் பேச வந்தா என்ன சொல்லுவாங்க?" தங்கைக்குத்தான் ஞாபகம் வந்தது. பெரியம்மா ஐசியுவில் கிடந்தபோது அம்மா சொன்னாளாம்: "என்னை இப்படிக் குழாயில மாட்டி வெச்சிராதீங்கடி."

இல்லத்தில் சேர்க்கும்போது அட்வான்ஸ், மாதக் கட்டணம், டயப்பர் செலவு வரை பேசுகிறோம். கடைசிக் காலத்தில் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதைப் பேசினால் அபசகுனம் என்று விட்டுவிடுகிறோம். சேர்த்த முதல் மாசத்திலேயே டாக்டரும் நர்ஸும் வீட்டாரை உட்காரவைத்து, வெளிநாட்டிலிருப்பவரை வீடியோ காலில் சேர்த்துப் பேசி, அம்மாவின் ஃபைலில் எழுதிவைக்க வேண்டும். நள்ளிரவில் "உடனே சொல்லுங்க" என்பது அநியாயம்.

சுயநினைவோடு இருக்கும்போதே இதை உயில்போல எழுதிவைக்க உச்ச நீதிமன்றம் 2018இல் வழிசெய்தது. 2023இல் அதை எளிதாக்கிவிட்டது. இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்துப் போட்டு நோட்டரியிடம் சான்று வாங்கினால் போதும். அம்மாவுக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது. நான் எனக்கு எழுதிவிட்டேன்.

டியூபை எடுக்கச் சொன்னோம். அண்ணன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அப்புறம் ஒருநாள் வீடியோ காலில் வந்தான். ஆயாம்மா அம்மாவை நிமிர்த்தி உட்காரவைத்து, குழைந்த ரசம் சாதத்தைச் சின்ன ஸ்பூனில் கொடுத்து, தொண்டை ஏறி இறங்கும்வரை காத்திருந்து அடுத்த வாய் ஊட்டினார். ஒரு கிண்ணம் முடிய நாற்பது நிமிஷம். அதுவரை அவன் போனை வைக்கவில்லை.