மூன்றாவது ஆள் இல்லாமல் பேச வேண்டாம்

எங்காவது மாணவியிடம் தவறாக நடந்துகொண்டதற்காக ஓர் ஆசிரியர் கைதானதாகச் செய்தி வந்தால் மறுநாள் காலை ஆசிரியர் அறையில் ஒரே பேச்சுதான். "மாணவர்களோடு எந்தத் தொடர்பும் வேண்டாம், எல்லோரும் வகுப்பு வாட்ஸ்அப் குழுவைக் கலைத்துவிடுங்கள்" என்பார்கள். அன்று மாலையே மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வரும். அதுவும் வாட்ஸ்அப்பில்தான் வரும். நாளைக்குள் பெற்றோர் அனைவருக்கும் தெரிவிக்கவும் என்று கடைசி வரியில் இருக்கும். குழுவைக் கலைத்துவிட்டு எதில் தெரிவிப்பது?

நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. கொரோனா காலத்தில் தொடங்கிய வகுப்புக் குழு இன்றுவரை ஆண்டுதோறும் புதிய பிள்ளைகளோடு ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: குழு ஆபத்தானது அல்ல, தனிச்செய்திதான் ஆபத்தானது. பாதுகாப்பு என்ற பெயரில் குழுவை இறுக்க இறுக்க, பேச்சு தனிச்செய்திக்குத்தான் போய்ச் சேர்கிறது.

நம் பள்ளிகளில் பாதுகாப்பு என்றாலே முதலில் செய்வது "அட்மின் மட்டும் செய்தி அனுப்பலாம்" என்று மாற்றி வைப்பது. காலை வணக்கப் படங்களும் ஃபார்வர்டு செய்திகளும் தொல்லை என்பதால் அப்படிச் செய்கிறோம், தவறில்லை. ஆனால் இரவு எட்டு மணிக்குப் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி மின்னோட்டவியல் கணக்கோடு உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு மின்தடைகள் பக்க இணைப்பில் இருக்கின்றன. கூட்டிப் பார்க்கிறாள், விடை வரவில்லை. குழுவில் கேட்க முடியாது, பூட்டிவிட்டோம். ஆசிரியரின் எண்ணைத் தொட்டால் தனி உரையாடல் திறக்கிறது. "சார், ஒரு சந்தேகம்." நல்ல ஆசிரியராக இருந்தால் பதில் சொல்லத்தான் செய்வார். மறுநாளும் கேட்பாள். ஒரு வாரம் கழித்து, சாப்பிட்டாயா என்பதும் ஏன் இன்னும் தூங்கவில்லை என்பதும் சேர்ந்துகொள்ளும். இருவர் மனத்திலும் கெட்ட எண்ணமே இல்லாமல் இருக்கலாம். ஆனால் அங்கே மூன்றாவது ஆள் இல்லை.

கெட்ட எண்ணம் உள்ளவன் வருவதும் இதே வழியில்தான். அவன் முதல் நாளே ஆபாசமாக எழுத மாட்டான். பாடத்தில் உதவுவான், உன்னைப் போல் கெட்டிக்காரி வகுப்பில் யாருமில்லை என்பான், வீட்டுக் கஷ்டத்தைக் கேட்பான், கடைசியில் இதை யாரிடமும் சொல்லாதே என்பான். அந்தக் கடைசி வாக்கியம் வருவதற்கு முன்பே பாதி வேலையை முடித்திருப்பான். பாலியல் நோக்கத்தோடு ஒரு குழந்தையை மின்னணு வழியில் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வதே குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தில் 11ஆவது பிரிவின்படி குற்றம். தொட்டால்தான் குற்றம் என்று நினைக்கிறவர்கள் ஆசிரியர்களிலேயே இருக்கிறார்கள்.

எங்கள் குழுவில் இரண்டு அட்மின்கள். ஒருவர் கட்டாயம் பெண். பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினரான ஒரு தாயும் உள்ளே இருக்கிறார். மாலையில் ஒரு மணி நேரம் குழு திறந்திருக்கும், சந்தேகம் எதுவானாலும் அப்போது கேட்கலாம். தனியாகக் கேள்வி அனுப்பினால் தனியாகப் பதில் போகாது. "பக்க இணைப்பில் விடை ஏன் சிறியதாக வருகிறது என்று ஒருவர் கேட்டிருக்கிறார்" என்று பெயர் சொல்லாமல் குழுவில் போட்டு அங்கேயே விளக்குவேன். தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்புவேன், அல்லது குரல் பதிவாகச் சொல்வேன். கேட்டவளுக்குக் கூச்சம் இல்லை. கேட்காத பத்துப் பேருக்கும் அது பயன்படுகிறது. சில வாரங்களில் பிள்ளைகளே குழுவில் கேட்கப் பழகிவிடுகிறார்கள்.

இதற்கு ஏன் சட்டமே போட்டுவிடக் கூடாது என்பவர்களுக்கு அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் நடந்ததைச் சொல்லலாம். ஆசிரியரும் மாணவரும் மட்டும் தனியாகப் பேசிக்கொள்ளக்கூடிய இணையத் தொடர்பே கூடாது என்று 2011இல் அங்கே சட்டம் இயற்றினார்கள். ஆசிரியர் சங்கம் நீதிமன்றத்துக்குப் போனது. ஆசிரியர் தன் சொந்தப் பிள்ளையோடுகூடப் பேச முடியாதபடி சட்டம் எழுதப்பட்டிருக்கிறது என்று சொல்லி நீதிபதி அதை நிறுத்திவைத்தார். சில வாரங்களில் சட்டமன்றமே அந்தப் பகுதியை நீக்கிவிட்டு, ஒவ்வொரு பள்ளி மாவட்டமும் தனக்கான கொள்கையை வகுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டது. ஒட்டுமொத்தத் தடை எழுதுவதற்குச் சுலபமானது, நடைமுறையில் நிற்காது.

நம் ஊரிலும் 2021 மே மாதத்தில் சென்னையில் தனியார் பள்ளி ஆசிரியர் ஒருவர் மீது எழுந்த பாலியல் புகாரை நினைத்துப் பாருங்கள். அதை வெளியே கொண்டுவந்தது சமூக ஊடகம்தான். முன்னாள் மாணவிகள் இன்ஸ்டாகிராமில் எழுதத் தொடங்கிய பிறகுதான் ஊரே திரும்பிப் பார்த்தது. அதன் பின் அரசு இணைய வகுப்புகளை நிறுத்தவில்லை. வகுப்புகளைப் பதிவு செய்ய வேண்டும், அந்தப் பதிவுகளைப் பள்ளி நிர்வாகமும் பெற்றோர் ஆசிரியர் கழகத்தினரும் சேர்ந்த குழு அவ்வப்போது பார்க்க வேண்டும் என்றது. பார்ப்பதற்கு இன்னொருவர் இருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். வகுப்புக்குச் சரியான அந்த யோசனை, வகுப்பு முடிந்த பிறகு நடக்கும் உரையாடலுக்கு மட்டும் ஏன் பொருந்தாமல் போக வேண்டும்?

அடுத்தது தொலைபேசி எண்கள். மாணவியின் எண் என்று நாம் சேமித்து வைத்திருப்பது பெரும்பாலும் அவளுடைய அப்பாவின் எண், இல்லையென்றால் அண்ணனுடையது. அந்தத் தொலைபேசி அண்ணனின் நண்பர்கள் கையிலும் புழங்குகிறது. குழுவில் சேர்ந்த உடனே வகுப்பிலுள்ள அத்தனை பேரின் எண்களும் அத்தனை வீடுகளுக்கும் தெரிந்துவிடுகின்றன. ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண்ணுக்கு இப்படித்தான் அறியாத எண்ணிலிருந்து "ஹாய்" வந்தது. டிபியில் ஒரு நடிகர் படம். அவள் பதில்கூடப் போடவில்லை. அம்மா பார்த்துவிட்டார். அன்றிரவே அவள் எண் குழுவிலிருந்து வெளியேறியது. அரையாண்டுத் தேர்வு அட்டவணை மாறியது அவளுக்குத் தெரியவில்லை. தமிழ்த் தேர்வுக்குப் படித்துவிட்டு ஆங்கிலத் தேர்வு எழுத வந்து நின்றாள். செய்தி அனுப்பியவனுக்கு எந்த நட்டமும் இல்லை. எப்போதும் இப்படித்தான், எவனோ செய்ததற்குத் தொலைபேசியை இழப்பது பெண்பிள்ளை. கொஞ்சம் பெரிய பெண் என்றால் படிப்பே நின்றுவிடும்.

இதற்கு வாட்ஸ்அப்பிலேயே வழி இருக்கிறது. கம்யூனிட்டி என்ற வசதியில் வரும் அறிவிப்புக் குழுவில் ஒருவர் எண் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது, அட்மினுக்கு மட்டும் தெரியும். விடுமுறை, தேர்வு, கட்டணம் போன்ற அறிவிப்புகளுக்கு இது போதும். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் போதுமே என்று சிலர் சொல்வார்கள். அதில் அனுப்பும் செய்திக்கு வரும் பதில் ஒவ்வொன்றும் ஆசிரியரின் தனி உரையாடலில் வந்து விழும். நாம் எதைத் தவிர்க்க நினைக்கிறோமோ அதுவே நடக்கும். பெற்றோருக்கு மட்டும் அனுப்புவதானால் பரவாயில்லை, பிள்ளைகளுக்கு வேண்டாம்.

எண்ணைவிடப் பெரிய கசிவு ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வேண்டியவர்களின் பட்டியலை ஒரு படம் எடுத்து அப்படியே வகுப்புக் குழுவில் போடுகிறோம். பெயர், தந்தை பெயர், எமிஸ் எண் என்னும் மாணவர் அடையாள எண், அதற்கடுத்த கட்டத்தில் சாதி. "கீழ்க்காணும் மாணவர்கள் நாளை சாதிச் சான்றிதழ் நகல் கொண்டுவரவும்." வேலை சீக்கிரம் முடிகிறது என்பது மட்டும்தான் போட்டவரின் எண்ணம். ஆனால் அந்தப் படம் எத்தனை தொலைபேசிகளில் சேமிக்கப்படுகிறது, யார் யாருக்குப் போகிறது என்று யோசிக்க வேண்டாமா? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனையும் அவன் தங்கையையும் சாதி வெறியில் வீடு புகுந்து வெட்டியவர்கள் உடன் படித்த மாணவர்கள். அதைத் தொடர்ந்து அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், ஆசிரியர் கையிலுள்ள வருகைப் பதிவேட்டில் சாதி பற்றிய விவரமே இருக்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. பதிவேட்டிலேயே கூடாது என்றால் குழுவில் பரப்புவதை என்னவென்று சொல்வது? பெயர்ப் பட்டியலே போடாதீர்கள். சம்பந்தப்பட்ட பெற்றோருக்குத் தனித்தனியாகச் சொல்லுங்கள். நேரம் கூடுதலாகத்தான் ஆகும், ஆகட்டும். மதிப்பெண் பட்டியலுக்கும் இதுவே.

புகைப்படத்துக்கு வருகிறேன். இங்கே சிலருக்குக் கோபம் வரும். நம்மில் நிறைய பேர் நல்ல ஆசிரியர்கள், நல்லது செய்கிறோம், அதை முகநூலில் போடுகிறோம். கிழிந்த சீருடையோடு ஒரு சிறுவன், பக்கத்தில் புதுச் சீருடையோடு அதே சிறுவன், கீழே கண்ணீர் வரவழைக்கும் நான்கு பத்தி. அப்பா குடிப்பார், அம்மா விட்டுவிட்டுப் போய்விட்டார் என்பதுவரை அதில் இருக்கும். ஆயிரக்கணக்கில் லைக் விழும், உதவியும் வரும். அவன் பத்தாம் வகுப்புக்குப் போனபின் உடன் படிப்பவன் அதைத் தேடி எடுத்துக் கேலி செய்வான், அப்போது லைக் போட்டவர்கள் யாரும் பக்கத்தில் இருக்க மாட்டார்கள். பள்ளிக்கு மின்விசிறி வேண்டுமா, மின்விசிறி இல்லாத கூரையைப் படமெடுத்துப் போடுங்கள். கூரைக்கு மானம் போகாது.

ரீல்ஸுக்கும் இதையே சொல்வேன். பிள்ளைகளை ஆடவைத்து ஆசிரியரின் சொந்தக் கணக்கில் போடுவது எந்தப் பாடத்திட்டத்தில் இருக்கிறது? ஆண்டு விழா நடனம் வேறு, அதைப் பெற்றோர் முன்னால் ஆடுகிறார்கள். இணையத்தில் போட்ட காணொலிக்குக் கீழே யார் என்ன எழுதுவார்கள் என்பது நம் கையில் இல்லை. எட்டாம் வகுப்புப் பெண்ணின் நடனத்துக்குக் கீழே வரும் பின்னூட்டங்களைப் பொறுமையாகப் படித்துப் பார்த்தவர்கள் மறுபடி போட மாட்டார்கள். பாடத்துக்குக் காணொலி வேண்டுமென்றால் கையும் கரும்பலகையும் சோதனைக் கருவியும் தெரிந்தால் போதும். யூடியூபில் "குழந்தைகளுக்கானது" என்று குறித்து ஏற்றினால் பின்னூட்டப் பகுதியே இருக்காது. லிட்மஸ் தாள் நிறம் மாறுவதைப் பார்க்க யாருடைய முகமும் தேவையில்லை.

நட்பு அழைப்பு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பள்ளியில் படிக்கும்வரை வேண்டாம். படிப்பு முடிந்து, பதினெட்டு வயதும் ஆன பிறகு அவர்களே தேடி வந்து சேர்ந்தால் மகிழ்ச்சிதான். அதேபோல, மாணவர்களின் இன்ஸ்டாகிராம் பக்கங்களுக்குள் நாம் வேறு பெயரில் நுழைந்து வேவு பார்ப்பதும் கூடாது. கண்டிப்பு என்று நினைத்து அதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸை யார் பார்க்கலாம் என்று மாற்றிக்கொள்ளலாம், அதை இன்றே செய்யுங்கள். உங்கள் குடும்பத் திருமணப் படங்களைப் பார்த்து மறுநாள் வகுப்பில் கடைசி பெஞ்சில் பேசிக்கொள்வது அவர்களுக்கும் நல்லதல்ல, உங்களுக்கும் நல்லதல்ல.

ஆனால் தனிச்செய்தி வேண்டவே வேண்டாம் என்ற விதி உடைகிற இடம் ஒன்று உண்டு. இரவு பதினொரு மணிக்கு ஒரு பிள்ளையிடமிருந்து வருகிறது: "டீச்சர், எனக்கு வீட்டில் இருக்கவே பயமாக இருக்கிறது." இதற்குப் போய், குழுவில் கேள் என்று சொல்ல முடியுமா? விதியைக் காட்டி அந்தப் பிள்ளையைத் திருப்பி அனுப்புகிற ஆசிரியர், தன்னைக் காத்துக்கொள்கிறார், அவ்வளவுதான். பதில் சொல்ல வேண்டும், உடனே சொல்ல வேண்டும். இப்போது பத்திரமாக இருக்கிறாயா, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைத் தர வேண்டும், தேவைப்பட்டால் நாமே அழைக்க வேண்டும். சொல்லக் கூடாத ஒன்று, "நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்பது. அது நம்மால் காப்பாற்ற முடியாத வாக்கு. பாலியல் குற்றம் என்று தெரியவந்தால் போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவின்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மறைத்தால் நமக்கே தண்டனை உண்டு. "உனக்கு உதவ இன்னொருவரிடம் சொல்வேன், யாரிடம் சொல்கிறேன் என்பதை உன்னிடம் முதலில் சொல்வேன்" என்பதுதான் நேர்மையான பதில். விடிவதற்குள் தலைமையாசிரியருக்கோ நம்பகமான மற்றோர் ஆசிரியைக்கோ தெரிந்திருக்க வேண்டும். அந்தச் செய்தியை அழிக்கக் கூடாது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஆசிரியர் குழுவில் போடவும் கூடாது. பரிதாபப்பட்டுப் போடுகிறவர்களும் போடுகிறார்கள், அந்தப் பிள்ளையின் வாழ்க்கை மதியத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடுகிறது.

ஆண் ஆசிரியர்கள் பலர் என்னிடம் சொல்வது வேறு பயம். பொய்ப் புகார் வந்தால் என்ன செய்வது என்கிறார்கள். அந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் அதற்கும் மருந்து இதுவேதான். எல்லாம் குழுவில் நடந்திருந்தால், இரண்டு அட்மின்களும் ஒரு தாயும் பார்த்துக்கொண்டிருந்தால், உங்களுக்காகப் பேச மூன்று பேர் இருக்கிறார்கள்.

கல்வித் துறையிடம் கேட்பதற்கு எனக்கு ஒன்றே ஒன்றுதான். எங்கள் சொந்த எண்ணில் எங்கள் சொந்தச் செலவில் அரசின் வேலையை நடத்தச் சொல்கிறீர்கள். பள்ளிக்கு ஒரு தொலைபேசியும் ஒரு சிம்மும் கொடுங்கள். வகுப்புக் குழுக்கள் அந்த எண்ணில் இயங்கட்டும், தலைமையாசிரியர் அறையில் இருக்கட்டும், ஆசிரியர் மாறுதலில் போனால் எண் அங்கேயே இருக்கட்டும். இப்போது ஓர் ஆசிரியர் மாறிப் போனால் அவர் சட்டைப்பையில் நானூறு பிள்ளைகளின் எண்களும் கூடவே போகின்றன.

சென்ற பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எங்கள் விதிகளைத் தீர்மானமாக எழுதினோம். நீண்ட விவாதம் நடந்தது குழுவைத் திறந்து வைக்கும் நேரத்தைப் பற்றித்தான். ஆறிலிருந்து ஏழு என்று நாங்கள் எழுதி வைத்திருந்தோம். மில் வேலைக்குப் போகும் ஒரு தாய் எழுந்து, "நான் வீட்டுக்கு வருவதே எட்டு மணிக்கு டீச்சர், போன் என்னிடம்தானே இருக்கிறது" என்றார். எட்டிலிருந்து ஒன்பது என்று மாற்றி எழுதிக் கையெழுத்துப் போட்டோம்.