வீடியோவை எடுத்துவிட்டால் தீர்ந்துவிடுமா?

கால்பந்தில் காட்சிகளைத் திரும்பப் பார்த்து மைதான நடுவருக்கு உதவும் வீடியோ நடுவர் முறையையே தூக்கிவிட வேண்டும் என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 2010 உலகக் கோப்பையில் ஜெர்மனிக்கு எதிராக இங்கிலாந்தின் லாம்பார்ட் அடித்த பந்து கோல் கோட்டைத் தாண்டி உள்ளே விழுந்ததை உலகமே பார்த்தது, ஆனால் அப்போது வீடியோ நடுவர் இல்லை, கோல் கிடைக்கவில்லை. அந்த நிலைக்கா திரும்பிப் போக வேண்டும்?

கோளாறு கேமராவில் இல்லை, நடுவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் விதத்தில் இருக்கிறது. 2023 செப்டம்பரில் இங்கிலாந்து லீக்கில் டாட்டன்ஹாமுக்கு எதிராக லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் அடித்த கோலையே எடுத்துக்கொள்ளுங்கள். மைதானத்தில் ஆஃப்சைடு, அதாவது பந்து தரப்பட்டபோது எதிரணித் தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டி நின்றார், கோல் செல்லாது என்று கொடி தூக்கிவிட்டார்கள். வீடியோ அறையில் பார்த்ததில் ஆஃப்சைடு இல்லை என்று சரியாகவே தெரிந்தது. ஆனால் மைதானத்தில் கோல் கொடுத்தாயிற்று என்று நினைத்துக்கொண்டு, ‘சரிபார்த்தாயிற்று’ என்று மட்டும் சொன்னார்கள். ஆட்டம் தொடங்கிவிட்டது. தவறு புரிந்தபோது விதிப்படி நிறுத்த வழியில்லை. ‘ஆஃப்சைடு இல்லை, கோல் கொடுங்கள்’ என்று முழுதாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்!

அப்புறம் ஸ்லோ மோஷன். பந்து கையில் பட்டதா என்று பார்க்க அது சரி. ஆனால் வேண்டுமென்றே கையை நீட்டினாரா என்பதை இயல்பான வேகத்தில்தான் பார்க்க வேண்டும். மெதுவாக ஓட்டினால் எல்லாமே திட்டமிட்டுச் செய்தது போலத்தான் தெரியும்.

2023 மகளிர் உலகக் கோப்பையில் வீடியோ பார்த்த பின் நடுவரே மைக்கில் அரங்கத்துக்கு முடிவை அறிவித்தார். அது எல்லா லீக்கிலும் வர வேண்டும், நடுவர்கள் பேசிக்கொள்வதும் ரசிகர்கள் காதில் நேரடியாக விழ வேண்டும். டிக்கெட் எடுத்து அரங்கில் உட்கார்ந்திருப்பவரைவிட வீட்டில் டிவி பார்ப்பவருக்கு அதிகம் தெரிவது என்ன நியாயம்?